பச்சையம்மாள் சுற்றிய சுற்று

"அடியே நில்லுடி! நில்லுன்னு சொல்றேன் இல்ல!"

குரல் வந்த பக்கம் நான் திரும்புவதற்குள் அந்த அம்மாள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓடுபாதைக்குள் வந்துவிட்டார். வெளுத்துப்போன கைத்தறிச் சேலை, இடுப்பில் சொருகிய முந்தானை, கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. கல்லூரி விளையாட்டு விழாவில் பெண்களுக்கான ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் அஞ்சலாட்சி. அந்த அம்மாள் இரண்டு கைகளையும் விரித்து, அறுத்துக்கொண்டு ஓடிய கன்றை மறிப்பதுபோல அவளை மறித்தார். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதையை விட்டு வெளியேறினார்.

பின்னால் வந்த பெண்கள் திகைத்து, விலகி, மறுபடி ஓடினார்கள். பந்தலில் இருந்த முதல்வர் எழுந்து நின்றார். நான் விசில் ஊதினேன். எதற்கு ஊதினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. பதற்றம் வந்தால் என் கை தானாக விசிலுக்குப் போய்விடும். வீட்டில் ஒருமுறை பால் பொங்கியபோதுகூட ஊதியிருக்கிறேன்.

"என்னம்மா பண்றீங்க? உங்க பொண்ணுதான் ஃபர்ஸ்ட்டு வந்துக்கினு இருந்தா" என்றான் எங்கள் மார்க்கர் கோவிந்தன். மைதானத்தில் கோடு போடுவது, குழி வெட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு.

"ஃபர்ஸ்ட்டாவது ஒண்ணாவது. எம் பொண்ணு இப்படிச் சுத்த வேணாம்" என்றார் அந்த அம்மாள். பரிசு மேசை மேலிருந்த எவர்சில்வர் குடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மகளை இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்துவிட்டார். அஞ்சலாட்சி வெறுங்காலோடு, கால்சட்டையின் மேல் அவசரமாகப் பாவாடையைக் கட்டிக்கொண்டு அம்மாவின் பின்னால் போனாள்.

காலில் சக்கரம்

போன வாரம் இந்தத் தொடரோடு வெளியான படத்தைப் பார்த்துவிட்டுப் பல வாசகர்கள் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "கேடயத்தை வைத்துக்கொண்டு மாணவிகள் இருக்கிறார்கள், முதல்வர் இருக்கிறார், மார்க்கர்கூட இருக்கிறார். துறைத் தலைவரான நீங்கள் எங்கே?" நடு நாற்காலி காலியாக இருப்பதை ஒருவர் வட்டம் போட்டே அனுப்பியிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லத்தான் அஞ்சலாட்சியின் அம்மா பச்சையம்மாளைக் கூட்டி வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. விழுப்புரம் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அங்கே நான் வேலை பார்த்த கல்லூரியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்தார்கள். உடற்கல்வி இயக்குநராக இருந்தவர் ஓய்வு பெற்றதும், பெண்கள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் மொத்தத் துறையையும் 'தற்காலிகமாக' ஒப்படைத்தார்கள். அந்தத் தற்காலிகம் என்ற சொல் என் செருப்புக்குள் விழுந்த கல். கபடிப் பையன்கள் என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு "குட் மார்னிங் மேடம்" என்பார்கள். முதல்வர் என்னை அழைத்து, "இந்த வருஷம் பெண்கள் கேடயமாவது வரட்டும். அப்புறம் பேசலாம்" என்றார்.

எனக்கு இயல்பிலேயே ஓரிடத்தில் உட்கார வராது. வீடு திண்டிவனத்தில். காலையில் பாசஞ்சர் ரயில், அதைத் தவறவிட்டால் பஸ், பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவேன். துறை அறையில் எனக்கென்று வாங்கிய நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை வருஷக் கடைசி வரை யாரும் பிரிக்கவில்லை. "காலுல சக்கரத்தக் கட்டிக்கினு பொறந்தவ" என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்வார். அவர் அமைதியான மனிதர். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவார்.

அந்த வருஷம் என் நடை அதிகமாகிவிட்டது. என்னிடம் குண்டு எறிய ஒருத்தி இருந்தாள், உயரம் தாண்ட ஒருத்தி இருந்தாள். நெடுந்தூரம் ஓட ஒரே ஒருத்திதான், அஞ்சலாட்சி. விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்து ஊர். நெல்லும் கரும்பும் போடும் குடும்பம். பஸ்ஸுக்காக வரப்பு வரப்பாக ஓடி வந்து பழகிய கால். காலையில் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு வந்தால் மத்தியானம் வரை களைக்காது. அவள் இல்லாமல் கேடயம் என்பது பகல் கனவு.

யார் போட்ட ரூல்?

விளையாட்டு விழா முடிந்து ஒரு வாரமாகியும் அஞ்சலாட்சி கல்லூரிக்கு வரவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. காணைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து விசாரித்து விசாரித்து நடந்தேன். கரும்புத் தோட்டத்துக்குள் சரசரவென்று சத்தம். பச்சையம்மாள் கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தவில்லை.

"வாங்க மேடம். உக்கார வைக்க எடமில்ல."

"நான் உக்கார மாட்டேம்மா. நீங்க வேலையைப் பாருங்க. அஞ்சலாட்சி எங்க?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கா. இனிமே ஓட்டம் கீட்டம்னு வரமாட்டா. மாமன் வூட்டுல பேசிக்கினு இருக்கிறோம். தை பொறந்தா கல்யாணம்."

கல்யாணம் என்றால் ஓட்டம் மட்டுமா போகும், படிப்பும் போகும். "அவ அப்படி என்ன தப்புப் பண்ணிட்டா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

பச்சையம்மாள் ஒரு சோகையைக் கிழித்துக் கீழே போட்டார். "போன வருசம் அவங்க அப்பா மஞ்சக் காமாலையில போயிட்டாரு. வாசல்ல பாடையை வெச்சு, நானும் இவளும் இடப்பக்கமா சுத்தி வந்து வாய்க்கரிசி போட்டோம். சாவுக்கு இல்லாம யாராவது இடப்பக்கமா சுத்துவாங்களா? கோயில்ல சுத்துறது வலப்பக்கம். கல்யாணத்துல சுத்துறது வலப்பக்கம். அன்னிக்கு நான் வந்து பாக்குறேன், தரையில வெள்ளையா கோடு, மேசையில குடம், எம் பொண்ணு இடப்பக்கமா சுத்திக்கினே இருக்கிறா. அதான் ஓடி வந்து மறிச்சேன். எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான் மேடம்."

பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளிலிருந்து நானும் இடது கை உட்பக்கம் இருக்கும்படிதான் ஓடினேன், ஓட வைத்தேன். ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை. எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளை நினைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்தது.

"அது உலகம் பூரா இருக்கிற ரூலும்மா" என்றேன்.

"யாரு போட்ட ரூலு?"

"தெரியாது."

"எதுக்குப் போட்டாங்க?"

"அதுவும் தெரியாது."

"அப்போ எங்க வழக்கம் மட்டும் எதுக்குன்னு என்னைக் கேக்காதீங்க" என்றார். அதில் கோபமில்லை. எனக்குத்தான் சுள்ளென்று ஏறியது. கரும்புச் சாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். சோகை கையை அறுத்தது. ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்த பச்சையம்மாள், "இன்னா மேடம், நீங்க ஏன் இப்படிப் பேஜாரா அலையிறீங்க?" என்றார்.

"உங்க பொண்ணு ஓடலேன்னா எனக்குத் தூக்கம் வராதும்மா. அவ ஓடறதைப் பாத்திருக்கீங்களே, எப்படி ஓடறா!"

அந்த நேரம் தண்ணீர்க் குடத்தோடு அஞ்சலாட்சி வந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல்கூட இல்லை. கேட்டால் கிடைக்காது என்று முடிவு செய்துவிட்ட பிள்ளையின் பார்வை. அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் மெதுவாக. "இடப்பக்கமா எத்தினி சுத்து ஓடுறியோ, அத்தினி சுத்து உடனே வலப்பக்கமா ஓடிடணும். சுத்துனதை அவுத்துடணும். ஒண்ணை அவுக்காம இன்னொண்ணை மேல ஏத்தக் கூடாது. அப்படின்னா கல்யாணப் பேச்சை இப்போதைக்கு எடுக்கல. முடியுமா?"

"முடியும்!" என்று நானும் அஞ்சலாட்சியும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

காணை முறை

அதிலிருந்து எங்கள் மைதானத்தில் ஒரு விநோதம் நடந்தது. அஞ்சலாட்சி வழக்கம்போல ஓடுவாள். முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பி, வந்த வழியே எதிர்ப்பக்கமாக ஓடுவாள். முக்கால் சுற்றில் முடிந்தாலும் முழுச் சுற்றாகத்தான் அவிழ்க்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வாரத்துக்கு ஒருநாள் பச்சையம்மாளே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பார். வரும்போது மடியில் வறுத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பார். குண்டு எறிபவள்தான் அதிகம் தின்பாள்.

முதலில் மற்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு அஞ்சலாட்சி தனியாக ஓடுகிறாளே என்று ஒருத்தி கூட ஓடினாள். அப்புறம் எல்லோரும் ஓடினார்கள். எனக்கு முதலில் எரிச்சல்தான். நேரம் போகிறது, கால் தேய்கிறது என்று கத்தினேன். கொஞ்ச நாளில் கத்துவதை நிறுத்திவிட்டேன். ஒரே கணுக்கால் வலிக்கிறது என்று நொண்டிக்கொண்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மற்றவர்கள் ஓடி முடிக்கும் இடத்தில் எங்கள் பெண்களுக்கு மூச்சு மிச்சமிருந்தது. பழகியதில் பாதிதானே போட்டி!

ஒரு நட்பு ஆட்டத்துக்கு வந்திருந்த வேறொரு கல்லூரிப் பயிற்சியாளர் இதைப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாக அழைத்து, "மேடம், இந்த ரிவர்ஸ் டிரெயினிங் எந்த நாட்டு முறை?" என்று கேட்டார்.

"காணை முறை" என்றேன்.

"ஆமாமா, படிச்சிருக்கேன்" என்று தலையாட்டினார்.

பின்னாளில் எங்கள் துறையின் வெற்றிக்கு என்ன ரகசியம் என்று பேட்டிகளில் கேட்டபோதெல்லாம் கடின உழைப்பு, திட்டமிடல் என்று ஏதேதோ சொல்லியிருக்கிறேன். இதுதான் ரகசியம். அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் பச்சையம்மாள், அதுவும் பயத்தினால். அந்தப் பயத்தை நான் நம்பவில்லை. அதன் லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திண்டிவனத்தில்

பல்கலைக்கழக மண்டலப் போட்டி அந்த வருஷம் திண்டிவனத்தில் நடந்தது. என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். ஆனாலும் விடியும் முன்பே போய்விட்டேன். மல்லாட்டை அறுவடைக் காலம். மைதானத்துக்கு வெளியே சாலை ஓரம் முழுக்கக் காயப் போட்டிருந்தார்கள். ஈர மண்ணும் கொடியும் கலந்த வாசனை காற்றில் வந்துகொண்டே இருந்தது. எனக்கு வயிற்றில் எதுவும் இறங்கவில்லை. இரண்டு நாளும் டீயிலேயே ஓடியது.

இரண்டாம் நாள் மாலை. பெண்கள் பிரிவில் நாங்களும் இன்னொரு கல்லூரியும் முட்டிக்கொண்டு நின்றோம். ஆயிரத்து ஐந்நூறில் அஞ்சலாட்சி முதலாவதாக வந்தாள். கடைசி நூறு மீட்டரில் அவள் பாய்ந்ததைப் பார்த்து நான் யாரையோ கட்டிப்பிடித்துவிட்டேன், எதிர்க் கல்லூரிப் பேராசிரியை. புள்ளிகளில் இரண்டு கல்லூரியும் சமம். மிச்சமிருந்தது ஒரே போட்டி, நாலு பேர் ஆளுக்கொரு சுற்றாக நானூறு மீட்டர் ஓடும் தொடர் ஓட்டம். அதில் கடைசியாகக் கோலை வாங்கி ஓட வேண்டியவளும் அஞ்சலாட்சிதான்.

அவள் தரையில் மல்லாந்து கிடந்தாள். ஆடுசதை கல்லாக இறுகியிருந்தது. தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் கண் பார்வையாளர் பக்கமே போனது. அங்கே பச்சையம்மாள்.

"மேடம், நாலு சுத்து அவுக்கணும்" என்றாள்.

"இப்பவா? அவுத்தா ரிலேக்குக் காலே இருக்காதுடி!"

"அவுக்காம ரிலே ஓடுனா அம்மா மறுபடியும் வந்து இழுத்துக்கினு போயிடும் மேடம். அப்புறம் கல்யாணந்தான். தையில."

நான் ஓடினேன். பச்சையம்மாளிடம் போய்க் கெஞ்சினேன். "இந்த ஒரு தடவை ரிலே முடிஞ்சதும் எல்லாத்தையும் சேர்த்து ஓடிடுவாம்மா. நான் பொறுப்பு."

"ஒண்ணை அவுக்காம இன்னொண்ணை ஏத்தக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேன் மேடம்."

"அவளைப் பாருங்கம்மா. எழுந்து நிக்கக்கூட முடியலே."

அவர் பார்த்தார். மகள் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்ததைப் பார்த்தார். பக்கத்தில் நின்று விசிலைக் கடித்துக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார். பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"பெத்தவ நான் சுத்துனா சாமி வேணாம்னா சொல்லும்?" என்றபடி மைதானத்துக்குள் இறங்கினார்.

கோட்டுக்கு வெளியே

வெள்ளைத் தொப்பி போட்ட நடுவர் விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தார். "யாரும்மா இது? டிராக்கை விட்டு வெளிய போங்க! எந்தக் காலேஜ்? டிஸ்குவாலிஃபை பண்ணிடுவேன்!"

"வெளிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்தாப் போதுமாம்மா? புல்லு மேல?" என்று பச்சையம்மாளிடம் கேட்டேன்.

அவர் யோசித்தார். "பெரிய சுத்தா வரும். நல்லதுதான்."

நடுவரிடம், "சார், கோட்டுக்கு வெளியே தானே. இவங்க எங்க காலேஜ் தான். நானும் கூட நடக்கறேன்" என்றேன். தனியாக விட்டால் தொண்டர் படைப் பையன்கள் அவரை விரட்டிவிடுவார்கள். என் சட்டையில் துறைத் தலைவர் என்ற பட்டை குத்தியிருந்தது. அன்றைக்குத்தான் அந்தப் பட்டையால் ஒரு பிரயோஜனம் வந்தது. நடுவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பைத்தியங்களோடு வாதாட நேரமில்லை என்பதுபோலக் கையை வீசிவிட்டுப் போனார்.

நடந்தோம். வலது கை உட்பக்கம். எனக்குப் பழகாத திசை. இத்தனை வருஷம் பார்த்த மைதானம் வேறு இடம்போல இருந்தது. பச்சையம்மாள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஆனால் நிற்காமல் நடந்தார். நான் இரண்டடி முன்னால் போவதும், திரும்பி வந்து சேர்ந்துகொள்வதுமாக இருந்தேன்.

"ஜல்தி போவாதீங்க மேடம். சாமி காரியம். கூடவே வாங்க" என்றார்.

தொடர் ஓட்டத்துக்கு வெடி வெடித்தபோது நாங்கள் பாதியைத் தாண்டியிருந்தோம். உள்ளே பெண்கள் இடப்பக்கமாகப் பறந்தார்கள். வெளியே நாங்கள் வலப்பக்கமாக நடந்தோம். கோல் மாறியது, மறுபடி மாறியது. எங்கள் மூன்றாவது பெண் பின்தங்கிவிட்டாள். அஞ்சலாட்சி கோலை வாங்கும்போது எதிர்க் கல்லூரிக்காரி பத்தடி முன்னால் இருந்தாள்.

வளைவில் அவள் எங்களுக்கு எதிரே வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் கால் தயங்கியது. எனக்கு அந்தத் தயக்கம் நன்றாகத் தெரிந்தது. விளையாட்டு விழா நினைவு வந்திருக்க வேண்டும், விரித்த கைகள் நினைவு வந்திருக்க வேண்டும். என் கை விசிலுக்குப் போனது. மூச்சு வரவில்லை.

பச்சையம்மாள் நின்றார். கையை விரிக்கவில்லை, உயர்த்தினார்.

"ஓடுடி! நான் சுத்திக்கினு இருக்கிறேன். நீ எதையும் பாக்காத, ஓடு!"

அஞ்சலாட்சி ஓடினாள். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்டி எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சத்தத்தை வைத்துத்தான் ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டேன். கோவிந்தன் சுண்ணாம்பு வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினான். தலை, முகமெல்லாம் வெள்ளை. கேடயத்தோடு நிற்கும் அந்தப் படத்திலும் அவன் அப்படித்தான் இருப்பான்.

பச்சையம்மாள் நடந்துகொண்டேதான் இருந்தார். நாலு சுற்று முடிந்தது. "இப்போ ஓடுனதுக்கு ஒண்ணு" என்று இன்னொன்று நடந்தார். அதுவும் முடிந்தது. அப்பாடா என்று நான் மேடைப் பக்கம் திரும்பினேன். அவர் நிற்கவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"மத்த பொண்ணுங்களும் இடப்பக்கமா ஓடுச்சுங்களே. எதிர்த்தாப்புல ஓடுனதுங்களும் பெத்த புள்ளைங்கதானே. அதுங்களுக்கு யாரு அவுப்பாங்க?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு இருப்பது இவள் ஒருத்திதான் என்று கரும்புக்குள் நின்று சொன்ன அதே முகம். இந்தப் பயத்தை நம்பாத எனக்கு அந்த நேரம் அவரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இரண்டடி முன்னால் போகவும் தோன்றவில்லை. பக்கத்திலேயே நடந்தேன்.

ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். மேடையில் கேடயம், வரிசையாக நாற்காலிகள், போட்டோக்காரர். முதல்வர் கண்ணுக்கு மேல் கையை வைத்து என்னைத் தேடுவது தெரிந்தது. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"உங்களைத்தான் கூப்புடுறாங்க போல. போங்க மேடம்" என்றார் பச்சையம்மாள்.

"இன்னும் பாதிச் சுத்து இருக்குதேம்மா" என்றேன்.